கித்துல்கலவின் கங்கைச் சத்தம்

இலங்கையின் கித்துல்கலவில் களனி கங்கையைக் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுபிடிக்கும். பாறையில் இரைச்சல், வளைவுக்கு வந்ததும் வெறும் முணுமுணுப்பு. கரைக்கு மேலே ரப்பர் மலையில் வெயில் ஏறுமுன் பால்வெட்டு. மரத்தின் உள்ளே காயம் விழாமல் பட்டையை மட்டும் மெல்லிய நாடாவாகச் சீவும் அந்தக் கையின் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோடு வழியே வெள்ளையாக இறங்கும் பால், சிரட்டையில் அவசரமில்லாமல் சொட்டும். 1957இல் வந்த குவாய் ஆற்றுப் பாலம் படம் எடுத்த இடம் இந்த ஊர் என்பார்கள், இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது, தோட்டத்து லயன் வீட்டுப் பெண்கள் துணி மூட்டையோடு வழுக்குப் பாறையில் வெறுங்காலில் இறங்கும் லாவகம். பெருவிரல் இடம் பார்த்து ஊன்றும், வாய்ப்பேச்சு நிற்காது. மழை பிடித்து ஆறு கலங்கினால் துவைப்பெல்லாம் தண்ணீர் கொட்டும் பீலியடிக்கு மாறும், அரட்டையும் கூடவே.