சார்ட்டர்: ஒரு கெட்டியான எழுத்துரு

ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் மென்பொருளில் எழுத்துருவை மாற்றாமல் விட்டால் டொனால்ட் நூத் உருவாக்கிய கம்ப்யூட்டர் மாடர்ன்தான் வரும். அழகுதான், ஆனால் அதன் மெல்லிய கோடுகள் சாதாரணத் தாளில் வெளிறிப்போகும். சார்ட்டர் எழுத்துருவைத் தரும் எக்ஸ்சார்ட்டர் தொகுப்பை அழைக்கும் ஒரு வரியை ஆவணத்தின் தொடக்கத்தில் சேர்த்துப் பாருங்கள், பக்கத்துக்குத் திடம் வந்துவிடும்.

சார்ட்டரை மேத்யூ கார்ட்டர் 1987இல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்காக வடிவமைத்தார். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சிடும் லேசர் பிரின்டர்களின் காலம் அது. வளைவுகள் கூடினால் அவற்றின் குறைந்த நினைவகத்துக்குச் சுமை கூடும். அதனால் வளைவுகளைச் சிக்கனப்படுத்தி, எழுத்தின் ஓரக்கால்களான செரிஃபைத் தச்சர் உளியால் நறுக்கியதுபோலச் சதுரமாக வெட்டினார். பிரின்டர்கள் முன்னேறிய பிறகும் அந்த வெட்டில் ஒரு கம்பீரம் மிச்சமிருக்கிறது.

1992இல் பிட்ஸ்ட்ரீம் சார்ட்டரை இலவசமாக வெளியிட்டது. மைக்கேல் ஷார்ப் பிற்பாடு சிறிய தலைப்பெழுத்துகளையும் பழைய பாணி எண்களையும் சேர்த்து எக்ஸ்சார்ட்டராக்கினார். ஓஎஸ்எஃப் என்ற தெரிவைக் கொடுத்தால் 1987இல் உள்ள 9, 7 இரண்டும் வரிக்குக் கீழே இறங்கி நிற்கும், 8 மட்டும் தலைதூக்கும். எனக்கு அது கொள்ளை அழகு! கணிதம் இருந்தால் பொருத்தமான கணித எழுத்துருவையும் தனியே அழையுங்கள். இல்லையேல் சமன்பாடுகள் மட்டும் பழைய ஒல்லி உருவிலேயே நிற்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு இது ஒத்துவராது. ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைக்கும் ஆய்வேட்டுக்கும் என் முதல் தேர்வு இதுதான்.