விப் பேன்: சிங்கமும் ஒரு கல்யாண வீடியோவும்

எங்க மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குள்ள ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோடு காலியாக இருக்கும். போன மாசம் அங்கே நின்று மொபைலை இடமிருந்து வலமாக விசுக் விசுக்கென்று திருப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். விப் பேன் எடுக்கத்தான். (தலையில் ஊர்கிற பேன் இல்லைங்க. கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது பேன். சாட்டை வீசுகிற வேகத்தில் திருப்பினால் விப் பேன்.) ஒரு ஷாட்டின் முடிவில் திருப்ப வேண்டும், அடுத்த ஷாட்டை அதே திசையில், அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும், ரெண்டும் கலங்கலாக இருக்கிற இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கலங்கலே இல்லை. உச்சி வெயிலில் மொபைல் தானாகவே ஷட்டரை நொடியில் 2000-ல் ஒரு பங்கு என்கிற மாதிரி குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் போட்டோ மாதிரி பளிச்சென்று நிற்கிறது. ஓடவிட்டால் படம் தெறித்துத் தெறித்துப் போகிறது. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் ஏறக்குறைய 50-ல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கேமரா நகர்ந்தால் சுவரும் மரமும் வண்ணக் கோடாக இழுபடும். வெட்டை ஒளித்து வைப்பது அந்தக் கோடுதான். மொபைலில் அது வேண்டுமென்றால் ஷட்டரை 50-ல் பூட்டிவிட்டு சாயங்காலம் வரை காத்திருக்கணும், இல்லையென்றால் லென்ஸ் முன்னால் என்.டி. ஃபில்டர் என்கிற இருட்டுக் கண்ணாடியைப் போடணும். ஸ்டெபிலைசேஷனையும் அணைக்கணும், இல்லாவிட்டால் நாம் திருப்பத் திருப்ப அது பிடித்து இழுக்கும். இத்தனை செய்தும் விளக்குக் கம்பம் எல்லாம் சாய்ந்து தெரிந்தது. சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது.

இப்படித் தோற்றுப்போன பிறகுதான் டைரக்டர் ஹரியின் 'சிங்கம்' (2010) படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பல வருஷமாக நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவன்தான். சுமோ பறக்கும், கேமரா விசுக்கென்று திரும்பும், தலை சுத்தும் என்று. பிரியன் ஒளிப்பதிவு, வி.டி. விஜயன் எடிட்டிங். இந்த முறை எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்தக் கதையின் சண்டையே தூரத்தோடுதான். நல்லூரில் ஒரு எஸ்.ஐ., சென்னையில் ஒரு தாதா. ஜாமீனுக்காக நல்லூர் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னால், மயில்வாகனம் தன் இடத்தில் வேறு ஆளை அனுப்புகிறான். "அவ்வளவு தூரம் நான் வரணுமா?" என்பதுதான் அவன் கௌரவப் பிரச்சினை. துரைசிங்கத்துக்கோ அவன் நேரில் வந்தே ஆகணும். இப்படிப்பட்ட கதையில் கேமரா ஒரே வீச்சில் இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்குப் பாய்ந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. நீ எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒரு திரும்பல் தூரம்தான் என்கிறது அது.

1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்' இதே கருவியை நேர் எதிராகப் பயன்படுத்தியது. கணவனும் மனைவியும் காலைச் சாப்பாட்டு மேஜையில். ஒவ்வொரு விசுக்கிலும் சில வருஷம் ஓடிவிடும், பேச்சு குறைந்துகொண்டே வரும். அங்கே வேகம் பிரிவைக் காட்டுகிறது. இரண்டிலும் பொது ஒன்றுதான்: பேன் ஆரம்பிக்கிற இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் நடுவே ஒரு பகையோ ஒரு காலமோ இருக்கிறது. 2017-ல் வந்த மூன்றாம் 'சிங்கம்' எனக்கு அலுத்ததும் இதனால்தான். காரிலிருந்து இறங்குவதற்கும் அதே விசுக், நடப்பதற்கும் அதே விசுக். எல்லாமே அவசரமானால் எது அவசரம்?

இங்கே பாண்டிச்சேரியில் இந்த விஷயம் வேற லெவல். ஒயிட் டவுனில் எந்தச் சாயங்காலமும் ஒரு ஜோடி டூமாஸ் வீதியின் மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்கும், கேமரா சுழலும், ரோமன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவரில் போய் நிற்கும். மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குப் போவதால் வெட்டு சுத்தமாகத் தெரியாது. ரீல்ஸுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. இப்போது திருப்பவே வேண்டியதில்லை, டைம்லைனில் ஒரு பிளகின்னை இழுத்துப் போட்டால் நின்றுகொண்டிருக்கும் ஷாட்டும் ஓடும், கூடவே 'உஷ்' என்று ஒரு சத்தம். அது விளையாட்டு, அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் கல்யாண வீடியோவில். சித்தி மகள் கல்யாணம் முடிந்து எட்டு மாசத்தில் சித்தப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டோம், அவரைப் பார்க்க. ஐயர், விசுக், தாலி, விசுக், சித்தப்பா முகம், விசுக், சாப்பாட்டுப் பந்தி. முகம் வந்ததே தெரியவில்லை. திரும்ப ஓட்டினோம். பாஸ் பண்ணிப் பார்த்தோம். கண் கலங்கியிருக்கிறாரா, சிரிக்கிறாரா என்றே சொல்ல முடியவில்லை, அவர் மேலும் அந்த வண்ணக் கோடு இழுபட்டிருந்தது. சித்தி ஒண்ணும் சொல்லவில்லை. "அந்த இடத்தை இன்னொரு தடவை போடுடா" என்று மட்டும் நாலு முறை கேட்டார்.

மறுநாள் வீடியோ எடுத்தவருக்குப் போன் பண்ணி, வெட்டாத ஃபுட்டேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். சீசன் நெருக்கடியில் ஹார்டு டிஸ்க்கைக் காலி பண்ணிவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.