பந்தியும் முத்திரையும்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பார்வை

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பெரியவர்கள் பொறுக்காத குற்றம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குள் ஆள் பார்த்துப் பரிமாறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். சமையல் எத்தனை ருசியானாலும் அந்த ஒரு குற்றம் விருந்தையே கெடுத்துவிடும். 'வீகன்', 'கோஷர்' என்ற இரண்டு முத்திரைகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு நியூயார்க் போன்ற நகரங்களில் நடக்கும் உயர்தர உணவகங்களை எடைபோடவும் இந்தப் பழைய அளவுகோலே போதும் என்பது என் கருத்து. திருப்பூணித்துறை, எர்ணாகுளம் பக்கம் குடியிருக்கும் நாம் இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா போக வேண்டாம். மட்டாஞ்சேரி யூதத் தெரு வரை போனால் போதும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் 'சைவம்' என்றால் பாலும் நெய்யும் தயிரும் அதில் அடங்கும். கடைப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதே கணக்குதான். வீகன் என்பது 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் ஏற்படுத்திய சொல். அதில் பால், நெய், தேன் எதற்கும் இடமில்லை. இந்திய அரசும் 2022-இல் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. கோஷர் என்பது யூதர்களின் உணவு நெறி. அதில் பாலும் இறைச்சியும் ஒன்று கலக்கக்கூடாது, பாத்திரங்கள்கூடத் தனித்தனி. மீனுக்குச் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். ஆகவே கரிமீன் ஆகும், இறாலும் நண்டும் ஆகா.

"காய்கறி மட்டும் சமைத்தால் தானே கோஷர் ஆகிவிடாதா?" என்று கேட்கலாம். ஆகாது. கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்க்க வேண்டும். திராட்சை மது யூதர் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும். சில பண்டங்களுக்கு அடுப்பு மூட்டுவதிலும் யூதர் ஒருவரின் பங்கு வேண்டும். எனவே கோஷர் என்பது பட்டியலில் அச்சடித்துவிட்டால் முடிகிற விஷயம் அல்ல. கூடவே இருந்து கண்காணிக்க ஆள் வேண்டும்.

கொச்சி யூதர்கள் இந்த நெறியை மலையாள மண்ணுக்கு இசைய வைத்துக்கொண்ட விதம் அழகானது. வெண்ணெயும் பாலும் சேர வேண்டிய இடத்தில் தேங்காய்ப்பாலையும் தேங்காய் எண்ணெயையும் ஊற்றினார்கள். கறிக்குழம்புக்குக் கெட்டிப்பதமும் வந்தது, விதியும் மீறப்படவில்லை. அதே தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்தால் அது இன்றைய வீகன். பெயர் பிறப்பதற்கு முன்பே பண்டம் இருந்தது. பாஸ்கா பண்டிகைக்கு வேண்டிய மதுவையும் உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே தயாரித்தார்கள். அவர்கள் பாஸ்காவில் காட்டிய கடும் சுத்தத்தில் அக்கம்பக்கத்து அந்தணர் ஆசாரத்தின் சாயலும் உண்டு என்று நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் 1993-இல் வெளியான தங்கள் நூலில் வாதிட்டார்கள். மடியும் பத்தும் பார்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

இதன் மறுபக்கம் நியூயார்க்கில் நடந்தது. லெக்சிங்டன் அவென்யூவில் 'மெட்ராஸ் மஹால்', 'பொங்கல்' போன்ற தென்னிந்திய உணவகங்கள் கோஷர் சான்றிதழ் பெற்றன. இறைச்சியே நுழையாத அடுக்களை என்பதால் பால்-இறைச்சிச் சிக்கல் அங்கே எழவில்லை. தொப்பி அணிந்த யூதரும் நம்மாட்களும் பக்கத்துப் பக்கத்து மேசையில் தோசை சாப்பிட்டார்கள். இத்தகைய உணவகத்தின் உண்மையான பெருமை இதுதான். நெறிகள் வேறானவர்கள் சந்தேகமில்லாமல் ஒரே கூரையின் கீழ் உண்ணலாம்.

ஆனால் தட்டு சுத்தமாக இருந்தால் பந்தியும் நியாயமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1568-இல் அரண்மனைக்கு அடுத்து எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தையே பாருங்கள். அடிமை வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் அங்கே மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியாமல் இருந்தது. அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தவர், 'யூத காந்தி' எனப் பெயர் பெற்ற ஏ.பி. சேலம் (1882–1967). இரு தரப்புக்கும் உணவு நெறி ஒன்றே, இருக்கை மட்டும் வேறு. நம் பக்கமும் கதை இதேதான். கொச்சி அரசின் ஊட்டுப்புரைகளில் இலவசச் சோறு அந்தணர்களுக்குத்தான். தமிழ் அந்தணர்களும் அந்த இலையில் உட்கார்ந்தவர்களே. சமையலின் தூய்மையைச் சொல்லித்தான் மற்றவர்களை வெளியே நிறுத்தினோம்.

இன்று அந்த வேலையை விலைப்பட்டியல் செய்கிறது. கொச்சிக் கோட்டை வேளியில் தோபிக்கானா இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே விடுதிகளின் துணிகளை இன்றும் கையால் துவைக்கிறார்கள். மேசைமேல் விரிக்கும் வெள்ளைத் துணியைத் துவைக்கிறவர் அந்த மேசையில் உட்கார முடியுமா? பாலைத் தவிர்த்துப் பசுவுக்கு இரங்குகிற உணவகம் இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உயிருக்கு இரங்குவது உண்மையானால் உழைப்பவரை அது எப்படி விட்டுவிடும்?

இன்னொன்றும் உண்டு. இஸ்ரேல் 1948-இல் பிறந்த பிறகு கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் எஞ்சிய பரதேசி யூதர்களை இன்று ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். முறைப்படி அறுக்க ஆள் கிடைப்பது அரிதான ஊரில் காய்கறிச் சமையலே நெறிக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் இலை பார்த்துப் பொறுக்கிய கைகள் போய்விட்டன. அந்தக் கைகள் இல்லாமல் அதே பண்டத்தைப் 'பாரம்பரிய யூத விருந்து' என்று எந்த விடுதி விற்றாலும், விற்பது ருசியை மட்டும்தான். நெறி அதில் இல்லை.

மாநிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இது எச்சரிக்கை. நம் பிள்ளைகளுக்கும் சாம்பார் எங்கும் கிடைக்கும். எதைச் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்பதை அடுக்களையில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால்தான் அது நம்முடையதாக நிலைக்கும். அதோடு, யாரையும் பந்தியிலிருந்து எழுப்பாத பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். நம் முன்னோர் விட்டுவைத்த குறை அது. அதை நாம்தான் தீர்க்க வேண்டும்.