மின் ஸ்கூட்டரில் மளிகைப் பைக்கு இடம் உண்டா?

ரெட்டியார்பாளையத்திலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய்த் திரும்பும் ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கடியில் தேங்காயும் வெங்காயமும். கால் வைக்கும் பலகையில் அரிசிச் சிப்பம். முன்கொக்கியில் காய்கறிப் பை. பின்னால் ஒருபக்கமாக அமர்ந்த மனைவியின் மடியில் இன்னொரு பை. நம் நாட்டில் ஸ்கூட்டர் பாதிச் சுமைவண்டிதான். மின் ஸ்கூட்டர்களின் அமைப்பையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

விளம்பரங்களோ லிட்டர் கணக்குப் பேசுகின்றன. 2024இல் வந்த ஏதர் ரிஸ்டாவில் இருக்கைக்கடியில் 34 லிட்டர்; தனியே வாங்கிப் பொருத்தும் முன்புறப் பையையும் சேர்த்து 56 என்கிறார்கள். ரிவர் இண்டியில் 43. ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். ஐக்யூபில் 32. லிட்டர் நீருக்கு ஏற்ற அளவு. நீர் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்; தலைக்கவசம் எடுத்துக்கொள்ளாது! ஆழமில்லாமல் நீண்டிருக்கும் பெட்டி எத்தனை லிட்டராயினும் அதில் முழுமுகக் கவசத்தை வைத்து மூட முடியாது. கையோடு கொண்டு செல்லும் சார்ஜரும் அந்தப் பெட்டியிலேதான் பங்கு கேட்கும்.

இட நெருக்கடிக்குக் காரணம் மின்கலமே. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 3 யூனிட் மின்கலத்தில் இருப்பது மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். மின் மோட்டார் ஆற்றலை மிகக் குறைவாகவே வீணாக்குவதால் வண்டி அதைக் கொண்டே நெடுந்தூரம் ஓடுகிறது. ஆனால் மின்கலம் அடைக்கும் இடமும் அதன் எடையும் குறைவதில்லை. அதை வைக்க இரண்டு இடங்களே உள்ளன: இருக்கையின் அடி, அல்லது கால் பலகையின் அடி.

முதல் வழியின் விளைவை 2024 நவம்பரில் அறிமுகமான ஹோண்டா ஆக்டிவா இ காட்டுகிறது. கழற்றி மாற்றக்கூடிய 1.5 யூனிட் மின்கலங்கள் இரண்டு இருக்கைக்கடியில் நிற்கின்றன. பெட்டிக்கு இடமே இல்லை. நிலையத்தில் நொடியில் மின்கலம் மாற்றலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் ஆக்டிவா என்றாலே சாமான் வண்டி என்று பழகிய குடும்பங்களுக்கு இந்தப் பேரம் கட்டுபடியாகாது என்பது என் கருத்து. உடன் அறிமுகமான கியூசி1 வண்டியில் மின்கலத்தை நிலையாகப் பொருத்தி, 26 லிட்டர் பெட்டிக்கு இடம் கண்டிருப்பதும் அந்த நிறுவனமே.

இரண்டாவது வழிக்கு பஜாஜ் சேத்தக் நல்ல சான்று. 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் மின்கலம் கால் பலகையின் அடிக்கு இறங்கியது. பெட்டி 35 லிட்டராக வளர்ந்தது. அடிப்பாரம் மிகுந்த தஞ்சாவூர்ப் பொம்மையைப் பார்த்தவர்களுக்குக் கனமான பொருளைத் தாழ்வாக வைப்பதன் நன்மையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்கும் விலையுண்டு. மின்கலத்தின் தடிமனுக்கேற்பப் பலகை உயர்ந்தால் முழங்கால் மேலெழும். தொடை இருக்கையில் படியாது. உடலின் பாரம் முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும். அரைமணி நேர ஓட்டத்திலேயே முதுகு முறையிடும். இருக்கையையும் சேர்த்து உயர்த்தினால் குள்ளமானவர்களின் கால் தரையில் ஊன்றாது. விவரப் பட்டியல்களில் தரையிலிருந்து இருக்கை வரை உள்ள உயரத்தைத் தருகிறார்கள். பலகையிலிருந்து இருக்கை வரை உள்ள உயரத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. முழங்காலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்ணே.

பின்னால் அமர்பவரைப் பற்றிப் பேச்சே குறைவு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அவருக்குக் கைப்பிடியும் காலூன்றியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் கேட்கின்றன. இது குறைந்த அளவுதான். ஒருபக்கமாக அமர்பவருக்கு இருக்கையின் அகலமும், இரண்டு பாதங்களுக்கும் போதிய காலூன்றியும் வேண்டும். பின்புறம் குறுகி மேலேறும் 'பந்தய' இருக்கைகளை வரைந்தவர்கள் சேலை கட்டிய ஒருவரை அதில் உட்கார வைத்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வண்டி வாங்கப் போகிறவர்கள் வீட்டுத் தலைக்கவசத்தையும் மளிகைப் பையையும் எடுத்துச் செல்லட்டும். இருவராக ஏறி, காட்சிக்கூடத்தின் வழவழப்பான தரையில் அல்ல, வேகத்தடையும் பள்ளமும் உள்ள தெருவில் ஓட்டிப் பார்க்கட்டும். பையைக் கைப்பிடியில் மாட்டக் கூடாது. அது ஊசலாடி முன்சக்கரத்தைத் திருப்பும். உடற்பகுதியோடு இணைந்த கொக்கியில் மாட்டினால் திசை மாறாது. அந்தக் கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுவிடலாம்.