ஆங்கிலம் பேசுகிறவனும் பக்கத்தில் நிற்பவனும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) நம் விமர்சகர்கள் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். தமிழின் முதல் நாவல். ஆனால் நாவலாகத் தேறாதது. இரண்டும் சரிதான். கதை நின்று நின்று போகிறது. நடுவில் உபதேசம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இருந்தும் அந்த உபதேசங்களில் ஒன்றை, சுதேச பாஷை பற்றியும் கோர்ட்டு பாஷை பற்றியும் வருகிற அதிகாரத்தை, வெறும் உபதேசம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நியாயாதிபதி தமிழர். வாதாடும் வக்கீல் தமிழர். வழக்குக்கு உரியவர்களும் தமிழர். வாதம் மட்டும் இங்கிலீஷில். வேதநாயகம் பிள்ளை எடுத்துவைக்கிற விஷயம் இவ்வளவே. இதை அவர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. மாயூரத்தில் முனிசீபாக இருந்தவர். கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவர உழைத்தவர். தன் ஆசனத்துக்கு முன்னால் அன்றாடம் நடந்ததைத்தான் எழுதுகிறார். நாவலின் மற்றப் பகுதிகளில் அந்தரத்தில் மிதக்கிற வசனம் இங்கே வந்ததும் தரையில் கால் வைக்கிறது. கோபம் இருக்கிறது, கோபத்தை மிஞ்சிய கேலியும் இருக்கிறது. பாத்திர சிருஷ்டி என்று நாம் தேடுவது ஞானாம்பாளிடம் கிடைக்காமல் இந்தப் பெயரில்லாத வக்கீலிடம் கிடைத்துவிடுகிறது என்றுகூடச் சொல்வேன்.

இந்தக் காட்சியில் இருப்பவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர் என்பதுதான் முக்கியம். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் நிற்கிற கட்சிக்காரன் ஒருவன். வக்கீல் நியாயாதிபதியைப் பார்த்துப் பேசுகிறார். ஆனால் அவருடைய இங்கிலீஷ் கட்சிக்காரனுக்காக. அவனுக்குப் புரியவேண்டும் என்பதற்காக அல்ல, புரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக. புரியாதபோதுதான் அவன் கொடுத்த பீஸுக்கு ஒரு கனம் வருகிறது. நம் தேசத்தில் ஆங்கிலம் பேசப்படும் விதத்தைப் பற்றி இத்தனை வருஷங்களில் எழுதப்பட்ட எதிலும், இந்த மூன்றாவது ஆளை இவ்வளவு தெளிவாக நிற்கவைத்ததை நான் பார்க்கவில்லை. மெக்காலே 1835இல் எழுதிய குறிப்பைத் திட்டுவது சுலபம். அதைப் போதுமான அளவுக்குத் திட்டியும் ஆயிற்று. மெக்காலே ஒரு வர்க்கத்தை உண்டுபண்ண நினைத்தார். அந்த வர்க்கம் பேசும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது அவருடைய கவலை அல்ல. நம்முடையதாகவாவது இருந்திருக்க வேண்டும்.

கோர்ட்டு விஷயம் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பது வேறு. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு ஆங்கிலத்தை உட்காரவைத்திருக்கிறது. அங்கும் தமிழ் வேண்டும் என்று சட்டசபை 2006இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது பாங்கி கவுண்டரில். இந்த மூன்றாவது ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. வரிசையை விட்டு விலகி முன்னால் வருகிற மனிதர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார். எனக்குத் தமிழ் தெரியும் என்று அவருக்குத் தெரியும். என் முகத்திலும் மார்பில் குத்தியிருக்கிற பெயரிலும் அது எழுதியிருக்கிறது. அவர் சொல்லவந்த விஷயமும் நாலு வார்த்தைதான். அந்த ஆங்கிலம் எனக்கு அல்ல; முதியோர் பென்ஷனுக்காகக் காலையிலிருந்து பாஸ்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவிக்கு. அவள் ஒரு வார்த்தையும் புரியாமலே சொன்ன விஷயத்தைப் புரிந்துகொண்டு அரை அடி தள்ளி நிற்கிறாள். அவரும் நிற்கச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாக்கியத்தின் அர்த்தத்தைக்கொண்டு பார்த்தால் அங்கே ஒரு அநியாயமும் நடக்கவில்லை.

எல்லா ஆங்கிலப் பேச்சும் இப்படி என்று சொன்னால் அது பொய். இன்னொரு உபயோகம் இருக்கிறது. தமிழ்ப் பற்றாளர்கள் அதைப் பார்க்க மறுக்கிறார்கள். தமிழில் ஒருவரைப் பார்த்து வாயைத் திறந்தால் முதல் காரியமாக அவரை எங்காவது உட்காரவைக்க வேண்டும். நீயா, நீங்களா? வாங்கவா, வாவா? அண்ணனா, சாரா, ஐயாவா? வயசு, ஜாதி, உத்தியோகம், ஆணா பெண்ணா எல்லாவற்றையும் கணக்குப் போட்ட பிறகுதான் வினைமுற்று வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் இந்தக் கணக்கு வேண்டாம். ஒரே ஆபீஸில் வேலை செய்கிற ஒரு ஆணும் பெண்ணும் அவசியமில்லாமல் ஆங்கிலத்துக்குத் தாவுகிறபோது, பாதி சமயம் அது படாடோபம் அல்ல. ஒண்டிக்கொள்ள ஒரு இடம். மேல்ஜாதி அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசுகிற ஒடுக்கப்பட்ட ஜாதிப் பையனுக்கும் அப்படியே. தமிழில் பேசினால் அவன் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் (1970) ஆங்கிலம் இத்தனை புழங்குவதைப் பலர் கிண்டல் செய்திருக்கிறார்கள். கங்காவும் பிரபுவும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது நாகரிகப் பூச்சு, பத்திரிகை வாசகனுக்குக் காட்டும் மினுக்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற உறவுக்குத் தமிழில் பெயர் கிடையாது. தமிழில் பேச ஆரம்பித்தால் உடனே பெயர் கேட்கும். ஆங்கிலத்தில் அதைக் கேட்காமல் கொஞ்ச நேரம் ஓட்டலாம். ஜெயகாந்தனுக்கு இது சிந்தனையாகத் தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம், காதுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே காது வாசகனை மறந்துவிடுகிறது. ஆங்கிலம் தெரியாத வாசகன் அந்தப் பக்கங்களில் வேதநாயகம் பிள்ளையின் கட்சிக்காரனாகத்தான் நிற்கிறான். புரியாததற்கு மரியாதை செலுத்திவிட்டு அடுத்த தமிழ் வரிக்கு நகர்கிறான். நாவல் அவனை அங்கே நிறுத்தியிருப்பது நாவலுக்கே தெரியாது.

அசோகமித்திரன் நேர் எதிர். 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) செகந்தராபாத்தில் நடக்கிறது. உருது, தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றன. லான்ஸர் பாரக்ஸ் ஆங்கிலோ இந்தியப் பையன்கள் பேசுவதும் மற்றவர்கள் பேசுவதும் எல்லாம் அதே சன்னமான தமிழில் வருகின்றன. அலங்காரம் இல்லை, வேற்று பாஷையின் ஜாடைகூட அதிகம் இல்லை. முதலில் இது பாஷைப் பிரச்னையைத் தவிர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் சந்திரசேகரனைக் கவனியுங்கள். எந்த பாஷைக்கும் அவன் சொந்தக்காரன் இல்லை. யார் பேசும்போதும் அவன்தான் பக்கத்தில் நிற்கிறான். மூன்றாவது ஆளையே கதாநாயகனாக வைத்து எழுதப்பட்ட நாவல் அது. பாஷைகளின் பேதம் வார்த்தையில் தெரியாமல் அவனுடைய கூச்சத்தில், பயத்தில், வீடு திரும்புகிற வழியில் தெரிகிறது. ஜெயகாந்தனிடம் சத்தம் அதிகம் இருந்தும் அசோகமித்திரன்தான் இந்த விஷயத்தில் மேலே போயிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். கங்காவின் கஷ்டம் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது ஆள் நிற்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? இதற்கு நம்மிடம் நல்ல உதாரணம் இல்லை. கென்யாவில் இருக்கிறது, அதுவும் அதே 1977இல்.

கூகி வா தியாங்கோவின் கதை நம் வட்டத்துக்குத் தெரிந்ததுதான். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' தமிழிலேயே கிடைக்கிறது. 1962இல் மக்கெரரேயில் நடந்த மாநாடு, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை மட்டும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் என்று கூட்டிவைத்தது, ஆங்கிலத்தை நம் சுமையைத் தாங்கும்படி வளைத்துக்கொள்ளலாம் என்று அச்சிபி வாதாடியது, கூகி அதை மறுத்தது எல்லாம் பேசித் தேய்ந்த விஷயங்கள். பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1977 ஜூலையில் கூகியின் ஆங்கில நாவல் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' வெளிவந்தது. சுதந்திர கென்யாவின் ஆளும் கூட்டத்தைத் தோலுரிக்கிற நாவல். அதை வெளியிட்டுவைத்தவர் அந்த ஆளும் கூட்டத்தின் நிதி மந்திரி. ஒருவரும் கைது செய்யப்படவில்லை. சில மாதங்கள் கழித்து லிமுரு பக்கத்தில் காமிரீத்து என்ற இடத்தில், கூகி வா மிரீயோடு சேர்ந்து அவர் கிகூயு பாஷையில் எழுதிய நாடகத்தை அந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும் தாங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் நடித்தார்கள். நவம்பரில் அனுமதி ரத்தாயிற்று. டிசம்பர் 31இல் கூகியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் சிறை. சாராம்சத்தில் நாவலில் இல்லாத எதையும் நாடகம் சொல்லிவிடவில்லை. நாவலை வாசித்தவர்கள் மந்திரியின் பாஷைக்காரர்கள், நாடகத்தைக் கேட்டவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள். வித்தியாசம் அதுதான். சர்க்காருக்கு இலக்கிய விமர்சனம் தெரியாது என்று நாம் சொல்கிறோம். இந்த விஷயத்தில் கென்ய சர்க்கார் மக்கெரரே மாநாட்டைவிடத் தீர்க்கமாகப் பார்த்திருக்கிறது.

ஒத்திகையைப் பற்றி கூகி எழுதியிருப்பதில் ஒரு தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வந்தவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள். ஒரு கிழவன் இப்படிப் பேசமாட்டான், இந்த இடத்தில் இந்தப் பழமொழி வராது என்று. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் போதித்தவர் ஊர்க்காரர்களிடம் பாடம் கேட்டுக்கொள்கிறார். கடைசியில் அவரும் தன் கிகூயு நாவலைத் தானே ஆங்கிலத்தில் பெயர்த்தார், 2025இல் இறந்தபோது அமெரிக்காவில் இருந்தார். இதைச் சொல்லி அவரை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ப்பது அல்ல விஷயம், யாரிடம் முதலில் சொன்னார் என்பது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டால் அவன் தமிழ் வேண்டும் என்றா சொல்கிறான்? ஆங்கிலம் வேண்டும் என்கிறான். கிழவி தன் பேரனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்குகிறாள். 2010இல் உத்தரப் பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத்தின் யோசனை. தேவி கையில் பேனாவோடு கம்ப்யூட்டர்மேல் நிற்கிறாள். அமெரிக்கச் சுதந்திரச் சிலையின் சாயல். சிலையின் கலையம்சம் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் கோரிக்கை சரியானது. சாவியை வைத்துக்கொண்டிருப்பவன் வெளியே நிற்பவனிடம் சாவி கெட்ட வஸ்து என்று போதிப்பதைவிட அசிங்கம் வேறில்லை. தன் பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைத்துவிட்டுத் தாய்மொழிக் கல்விக்கு மேடையேறுகிற நம் பெரியவர்களை எல்லாருக்கும் தெரியும்.

மேடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் இடத்தில் தமிழை வைத்துவிட்டால் மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிடுவான் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நம் மேடைத் தமிழ் அதே வேலையைத்தான் செய்தது. வீட்டில் எவரும் பேசாத ஒரு தமிழை அடுக்கடுக்காக வீசி, கூட்டத்தை வாய்பிளக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பியது. கூட்டம் கை தட்டியது உண்மை. கட்சிக்காரனும் தன் வக்கீலின் இங்கிலீஷைக் கேட்டு மனசுக்குள் கை தட்டியிருப்பான்.

நாம் மட்டும் தப்பித்துவிட்டோமா? நம் கூட்டங்களுக்கு முப்பது பேர் வருகிறோம். பேச்சு சூடு பிடித்ததும் இரண்டு பேருக்குள் ஆங்கிலத்தில் போகிறது. ஐரோப்பியப் பெயர்கள் விழுகின்றன. வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும் ஆங்கிலம், நடுவில் ஒரு 'வந்து' மட்டும் தமிழ். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பையன் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களைக் குறித்துக்கொள்கிறான். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயர்களை அவனே வீசுவான். நம் விமர்சனத்தின் பெரும்பகுதி இப்படி ஆங்கிலத்தில் பேசி முடித்த ஒரு சம்பாஷணையின் தமிழ்ச் சுருக்கம். அதனால்தான் அதில் முடிவுகள் இருக்கின்றன, முடிவுக்கு வந்த வழி இருப்பதில்லை. வழி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தாயிற்று.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்தபோது அவருடைய கட்டுரைகள் நீளமாக, கரடுமுரடாக, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தன. அவரும் ஆங்கில விமர்சனம் படித்துத்தான் எழுதினார். ஆனால் கதையின் ஒரு வரியை எடுத்து அது எப்படி வேலை செய்கிறது என்று தமிழிலேயே யோசித்து, திணறி, பொருத்தமான வார்த்தை கிடைக்காமல் இன்னொரு வார்த்தையைப் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் அச்சில் விட்டுவைத்தார். வாசிக்க ஆயாசமாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. கடைசி நாற்காலிப் பையன் கையில் அதைக் கொடுத்தால் அவனால் கூடவே நடந்து போகமுடியும். ஒரு இடத்தில் இது சரியில்லையே என்று நின்று கேட்கவும் முடியும்.