செட்டிநாட்டில் அரைநாள்

மார்கழியிலும் தையிலும், தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு முடித்து மதுரையை நோக்கிப் புறப்படும் வெளிநாட்டாரின் சுற்றுலாப் பேருந்துகள் பல, நண்பகலை ஒட்டிக் கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ வந்து நிற்கின்றன. முப்பது நாற்பது பேர் இறங்குகிறார்கள். ஒரு மாளிகையின் முகப்பையும் உள்முற்றமாகிய வளவையும் சுற்றிப் பார்க்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறையில் சிறிது நேரம் நின்று, வாழையிலையில் செட்டிநாட்டு விருந்துண்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்குள் நுழைந்து வெளிவந்து, மீனாட்சியம்மன் கோயிலின் பள்ளியறைப் பூஜைக்குள் மதுரையை அடைந்துவிட வேண்டுமே என்ற அவசரத்தோடு மாலைக்குள் வண்டியேறிவிடுகிறார்கள். நம்மவர் வரும் வண்டிகளோ பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி தரிசனங்களை முதன்மையாகக் கொண்டு, இடையிலே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்கு ஒதுக்குகின்றன. இரு சாராருக்கும் செட்டிநாடு பெரும்பாலும் அரைநாள் விஷயம். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் இடம்பெற்ற பிறகு, இந்த அரைநாளின் குணத்தையும் குற்றத்தையும் நிதானமாகச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

கூட்டமாக வருவதே குற்றம் என்று கருதும் ஒரு மனப்பான்மை கற்றவரிடையே உண்டு. தனியே வருபவன் இரசிகன், கூட்டத்தோடு வருபவன் வேடிக்கை பார்ப்பவன் என்று அவர்கள் பிரித்துவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. அதிலும் செட்டிநாட்டு வணிகரான நகரத்தாரின் நாட்டைப் பற்றிப் பேசும்போது அது சிறிதும் பொருந்தாது. தைப்பூசத்தை முன்னிட்டுக் காவடி எடுத்து, குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அவர்களுடைய யாத்திரை, தலைமுறை தலைமுறையாகக் கூட்டமாகவே நடந்துவருவது. எங்கே தங்குவது, எங்கே உண்பது, எப்பொழுது புறப்படுவது என்பனவெல்லாம் மரபினால் நிர்ணயிக்கப்பட்டவை. காசியிலே நாட்டுக்கோட்டை நகர சத்திரத்தை நிறுவி, தெற்கேயிருந்து வரும் யாத்திரிகர் இளைப்பாற வகை செய்தவர்களும் இவர்களே. மேல்நாட்டில் குழுச் சுற்றுலாத் தொழிலுக்கு மூலபுருஷராகச் சொல்லப்படும் தாமஸ் குக், 1841 ஜூலை 5-ஆம் நாள் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஏறத்தாழ 500 பேரை ரெயிலில் அழைத்துச் சென்றது, ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டினால், ஊர் எல்லையைத் தாண்ட வசதியற்றிருந்த எளிய மக்களுக்குப் பிரயாணம் என்பது அன்று கைக்கெட்டியது.

அந்த நன்மை இன்றும் குன்றவில்லை. வாழ்நாளெல்லாம் அடுப்படியிலே கழித்துவிட்டு, அறுபது வயதுக்குமேல் அண்டை வீட்டாரோடு சேர்ந்து முதன்முதலாக வெளியூர் கிளம்பும் பெண்களுக்கும், சேமிப்பைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், பாஷை தெரியாத நாட்டில் தனியே திரிய அஞ்சும் முதியோருக்கும், குழுப் பேருந்தைவிட்டால் வேறு வழி இல்லை. மேலும், செட்டிநாட்டு வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. உரிமையாளர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்க, சாவி காவற்காரரிடம் இருக்கிறது. தனியாக வருபவர் தெருவில் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்போது, முன்கூட்டிப் பேசி வைத்த குழுவுக்கே கதவு திறக்கிறது.

பேருந்தினால் நிகழும் உபகாரங்களுள் ஆத்தங்குடிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதையே நான் முதலில் வைப்பேன். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்னர்க் கலவையை இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி எடுக்கும் அந்தக் கல், கண்ணாடியிலிருந்து பிரியும்போதே பளபளப்போடு பிரிகிறது; தீயோ மெருகு இயந்திரமோ அதற்கு வேண்டுவதில்லை. இயந்திரத்தில் செய்த மலிவான தரைக்கற்கள் எங்கும் பரவிவிட்ட இக்காலத்தில், நின்று பார்த்து, வியந்து, தம் வீட்டுக்கும் வேண்டுமென்று விலை கேட்கும் அந்நியர் ஒவ்வொருவரும் அத்தொழிலுக்கு ஒருவகை ஆதாரம். இதை மறந்துவிட்டுச் சுற்றுலாவை ஏசுவது நியாயமாகாது.

ஆயினும் இந்த அரைநாளின் குறை எங்கே இருக்கிறது என்பதை, அவர்கள் பார்க்கும் வீட்டின் அமைப்பே நமக்கு எடுத்துரைக்கிறது. நகரத்தார் வீடு தனிமனிதனுக்காகக் கட்டப்பட்டதன்று. திருமணம், அறுபதாங்கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று விசேஷம் வந்தால் நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்து உண்டு உறங்கிப் போகும்படி அதன் அளவு வகுக்கப்பட்டது. ஆகவே நாற்பது பேர் நுழைவது அதற்கு ஒரு பாரமே இல்லை. ஆனால் அந்த வீடு, வருவோரை ஒரே மூச்சில் உள்ளே விடுவதும் இல்லை. வழிப்போக்கனுக்குத் திண்ணை, தொழில் பேச வந்தவனுக்கு முகப்பு, அங்கே கணக்கப்பிள்ளையும் பெட்டியடியும், உறவினருக்கு வளவும் பட்டாலையும், வளவைச் சுற்றிலும் மணமான ஒவ்வொரு பிள்ளைக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், உரிய அறை, அதற்கும் அப்பால் பெண்கள் புழங்கும் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு, அதன் வாயிலோ அடுத்த தெருவில். ஒரு மனிதன் அவ்வீட்டோடு கொண்ட சம்பந்தம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் உள்ளே செல்வான் என்ற ஒழுங்கு, கல்லிலும் மரத்திலும் அமைந்திருக்கிறது. பேருந்தில் வந்தவர்கள் இந்த ஒழுங்கைக் கால்மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். திண்ணையில் ஒருவரும் உட்காருவதில்லை. முகப்பில் வழிகாட்டி சொல்வதைக் கேட்டு, வளவில் புகைப்படம் எடுத்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, வந்த வாயிலாலேயே வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் அதிகம் பார்க்கவில்லை என்பதைவிட, வரிசை இழந்து பார்த்தார்கள் என்பதே என் குறை.

வழிகாட்டியின் பேச்சும் இதற்குத் துணைபோகிறது. தூண்கள் பர்மாத் தேக்கு, தரை இத்தாலியச் சலவைக்கல், நிலைக்கண்ணாடி பெல்ஜியம், சுவரில் முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அத்தனையும் உண்மை, ஆனால் ஓர் ஏலப் பட்டியலை ஒப்பிப்பதுபோல் அவ்வுண்மை உயிரற்று ஒலிக்கிறது. இந்தத் தேக்கு எவ்வாறு வந்தது, எதற்கு ஈடாக வந்தது என்ற வினாவுக்கு அரைநாளில் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவின் சதுப்பு நிலங்கள் நெல் வயல்களாக மாறியபோது, உழவர்களுக்கு வட்டிக்கு முதல் கொடுத்தவை நகரத்தார் பெட்டியடிகளே. அது ஒரு பேருழைப்பு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும், கடனுக்கு ஈடாகிய நிலங்கள் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலவுடைமை, 1938-க்குள் நூற்றுக்கு 25 பங்காகப் பெருகிற்று. பின்னர் 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு. சுதந்திர பர்மாவின் 1948-ஆம் ஆண்டு நில தேசியமயச் சட்டம். அறுபதுகளில் எஞ்சியிருந்த தொழில்களின் முடிவு. அந்த ஏற்றமும், பர்மிய உழவன் அடைந்த நஷ்டமும், நகரத்தார் அடைந்த வீழ்ச்சியும் சேர்ந்த சரித்திரமே இந்த வளவுகள். கொண்டுவந்த பொருளைக் காட்டி, கொண்டுவந்த கதையை விட்டுவிடும் வழிகாட்டல், செல்வத்தின் மேல் வியப்பை மட்டுமே விதைக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. வீட்டை மட்டும் காட்டி, ஊரைக் காட்டாமல் விடுவது. உலக மரபுப் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டவை தனி மாளிகைகள் அல்ல, கிராமத் தொகுதிகள். மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில், நேர்கோடாகத் தெருக்களை வகுத்து, வளவின் நாற்புறக் கூரையிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து, மிஞ்சியதைத் தெருக் கால்வாய் வழியே ஊருணிக்குச் செலுத்தி, அதனால் கிணறுகளிலும் ஊற்று வற்றாதபடி செய்த ஏற்பாட்டைத்தான், மாளிகையின் சித்திர வேலைகளுக்கும் மேலாக நான் மதிக்கிறேன். வளவில் நிற்பவருக்கு அந்தத் திறந்த முற்றம் வெளிச்சத்துக்காக மட்டுமே அமைந்தது என்று தோன்றலாம். ஊருணிக் கரைவரை நடந்து சென்றவருக்கே அது ஒரு நீர்ப்பாதையின் தலைவாயில் என்பது விளங்கும். அந்த நடை அரைமணி நேரத்துக்கு மேற்படாது. ஆனால் உச்சி வெயிலில் வந்திறங்கிய முதியவர்களை அதற்கு அழைப்பது எப்படி? வண்டி வரும் வேளையே பிழையாக அமைந்துவிட்டது.

உணவு விஷயமும் அவ்வாறே. விருந்தினர் எதிர்பார்ப்பது காரமும் மிளகும் தூக்கலாக உள்ள கோழிக்குழம்பு. அதுவே இலையில் வருகிறது. அரிசி கழுவிய நீரில் சமைக்கும் மண்டியும், பர்மாவிலிருந்து வந்து இவ்வூர்ப் பந்தியில் நிலைத்துவிட்ட கவுனி அரிசியும் அந்த அவசரப் பந்திக்கு வருவது அபூர்வம்.

பழம்பொருட் கடைகளைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. எனினும் பேசாமல் விடுவதற்கில்லை. நண்பகலிலே முழுமையாக நிற்கும் ஒரு வீட்டைக் கண்டவர்கள், மாலையிலே இடித்த வீடுகளின் நிலைகளையும் தூண்களையும் எனாமல் பாத்திரங்களையும் விலைபேசுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வீடுகள் இடிவதற்குச் சுற்றுலாக்காரர் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருந்து, அவர்கள் பல தேசங்களில் சிதறி, ஓடு மாற்றும் செலவுக்குக்கூட ஒருமனப்படாத நிலையே முதற்காரணம். ஆனால் பிரித்து விற்றால் கிடைக்கும் விலை, காத்து வைத்தால் கிடைக்கும் வருவாயைக் காட்டிலும் அதிகமாக இருக்குமளவும், பங்காளிகளின் மனம் எப்பக்கம் சாயும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. நுழைவுக் கட்டணத்தில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்வதைவிட, அந்தத் தெருக் கடையில் ஒரே தேக்குத் தூணுக்குச் செலவாவது அதிகமென்றால், பேருந்தின் பணம் காக்கும் பக்கத்தை விட்டு அழிக்கும் பக்கத்துக்கே வலிமை சேர்க்கிறது.

இவ்வூரின் அறிவுச் செல்வம் பேருந்தின் கண்ணில் படுவதே இல்லை. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகமும், அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கியதால் 1948-இல் நேருவின் கையால் அடிக்கல் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் காரைக்குடியில் இருக்கின்றன. அருகிலுள்ள கோட்டையூரிலே ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அதே கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாகத் திரிந்தவர். தமிழில் பயண நூல் என்னும் துறைக்கு வழி வகுத்தவர். ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி என்று தமிழருக்குக் கற்றுக்கொடுத்தவரின் ஊரை, அவர் பெயரைக்கூடக் கேளாமல் கடந்து போகிறார்களே என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பரிகாரம் என்ன? சுற்றுலாக் கூட்டத்தால் நெருக்குண்ட வெனிஸ் நகரம் 2024-இல் இரண்டு காரியங்களைச் செய்தது: கூட்டம் மிகும் நாட்களில், இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோவோரிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது; வழிகாட்டிக் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாதென்றும் ஒலிபெருக்கி ஆகாதென்றும் விதித்தது. செட்டிநாட்டுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. கானாடுகாத்தான் தெருக்களில் இன்றும் ஆள் நடமாட்டம் அரிது. எனவே தடுக்கும் விதிகளை இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரவு தங்குபவரையும் பகலில் வந்துபோகிறவரையும் வேறுபடுத்திப் பார்க்கும் அந்த விவேகம் நமக்கும் தேவை. காரைக்குடியின் ‘பங்களா’, கானாடுகாத்தானின் ‘விசாலம்’, கொத்தமங்கலத்தின் ‘சாரதா விலாஸ்’ போன்று விடுதியாக மாறிய வீடுகள், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இடிபடும் வீட்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதைக் காட்டியிருக்கின்றன. அவற்றின் வாடகை எல்லோருக்கும் எட்டாது. நடுத்தரக் குடும்பங்களும் கோயில் யாத்திரைக் குழுக்களும் தங்கத்தக்க எளிய இடங்களை, ஆளற்ற வீடுகளின் முகப்புப் பகுதியிலேயே பங்காளிகள் ஏற்பாடு செய்யலாம். முற்காலத்தில் காசி யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாட்டைச் சொந்த ஊரில் செய்வது இயலாத காரியமன்று.

ஓர் இரவு தங்கினால் மற்றவை பெரும்பாலும் தாமே நேராகும். மாலை நாலரை மணிக்கு மேல் வந்திறங்கும் குழு, முதலில் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறலாம். வெயில் தாழ்ந்தபின் ஊருணிவரை நடக்கலாம். மறுநாள் காலையில் முகப்பு, வளவு என்று முறையாக உள்ளே செல்லலாம். இரண்டாங்கட்டுக்கு அப்பால் காட்டுவதும் காட்டாததும் வீட்டாரின் விருப்பமாக இருக்கட்டும். பணம் கொடுத்தவருக்கு எல்லாக் கதவும் திறந்தாக வேண்டுமென்ற எண்ணத்தைச் சுற்றுலா நடத்துவோர் தம் குழுவினரிடம் வளர்க்கலாகாது. கட்டணத்தில் ஒரு பகுதி அந்த வீட்டின் ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறது என்பதை வாயிலிலே எழுதி வைத்தால், கொடுப்பவரும் மனம் ஒப்பிக் கொடுப்பார். தை மாதத்தில்தான் பேருந்துகளும் வருகின்றன, பிரிந்து போன குடும்பங்களும் கல்யாணத்துக்கும் படைப்புக்குமாக ஊர் திரும்புகின்றன. முன்னோரை நினைந்து படைக்கும் நாளில் அந்த வீட்டை அந்நியருக்குத் திறந்துவிட வேண்டிய நிர்ப்பந்தம் எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடாது. அத்தகைய நாட்களை முன்பே கேட்டறிந்து, வேறொரு வீட்டுக்கோ, பட்டறைக்கோ, இளையாற்றங்குடிக் கோயிலுக்கோ வண்டியைத் திருப்புவது, பிரயாணத் திட்டம் வகுப்பவரின் கடமை.