நாற்பத்தெட்டுப் புள்ளி உயரத்துக்குள் ஒரு ரோமானிய வீரன்

வரலாற்று வியூக விளையாட்டுகளில் வரும் படைவீரர் படங்களை ஆடுகிறவர்கள் சதுரங்கக் காய்களைப் போல நகர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று பார்த்தால் அவை நல்ல கலை. 1996இல் வெளிவந்த சிவிலைசேஷன் 2 விளையாட்டில் ஒரு படைப்பிரிவுக்குக் கிடைத்த இடம் 64 புள்ளி (பிக்சல்) அகலம், 48 புள்ளி உயரம். நிறங்கள் மொத்தமே 256. விளையாட்டின் படக்கோப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் புதிய வீரர்கள் திரையில் வந்துவிடுவார்கள் என்பதால், சினாரியோ, அதாவது ஒரு குறிப்பிட்ட போரை ஆடிப் பார்க்கும் களம், அமைக்கும் ஆர்வலர்கள் தங்களுக்கு வேண்டிய படைகளைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். அத்தகைய படத்தை எப்படி ரசிப்பது? எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பது பயன் தராது. நுணுக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. வரைந்தவர் எதை வைத்தார், எதை விட்டார், அந்த முடிவுக்குச் சான்று எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். படத்தின் தரம் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

ரோமும் கார்த்தேஜும் கி.மு. 218 முதல் 201 வரை நடத்திய இரண்டாம் பியூனிக் போரை எடுத்துக்கொள்வோம். வீரன் ஒருவனை 34 புள்ளி உயரத்தில் வரைந்தால், 170 செ.மீ. மனிதனுக்கு ஒரு புள்ளி என்பது 5 செ.மீ. தலைக்கு நான்கைந்து புள்ளிதான் மிஞ்சும்; கண், மூக்கு என்று எதுவும் வராது. ஈட்டியின் காம்போ ஒரு புள்ளியைவிட மெல்லியது. ஒற்றைப் புள்ளிக் கோடாகப் போட்டாலே உண்மையைவிடத் தடித்துவிடும். இனி பாலிபியஸைத் திறந்து பாருங்கள். அந்தப் போருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய இந்தக் கிரேக்க வரலாற்றாசிரியர், ரோமானியக் கேடயம் நான்கடி உயரம், இரண்டரை அடி அகலம் என்கிறார். நம் கணக்கில் அது 24 புள்ளி உயரம், 15 புள்ளி அகலம். அதாவது வீரனின் உடலில் பெரும்பகுதி கேடயத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தலைக்கவசத்தின் மேல் ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்குக் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு இறகுகள் மூன்று நின்றதாகவும் அவர் சொல்கிறார். முழம் என்றால் ஒன்பது புள்ளி, தலையைப் போல இரண்டு பங்கு. 34உம் 9உம் சேர்ந்து 43. கட்டத்துக்குள் சரியாக அடங்குகிறது. ஆளை உயரமாகக் காட்டி எதிரியை மிரட்டவே அந்த இறகுகள் என்பதும் பாலிபியஸ் சொல்லும் காரணமே. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று அன்றைய படை அணிந்த ஒன்று, இன்றைக்குச் சின்னக் கட்டத்திலும் அதே வேலையைச் செய்கிறது.

ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். விளையாட்டில் வரும் அளவிலேயே, நிறத்தை மறந்து, வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். முன்வரிசை ஹஸ்தாத்தியும் கடைசி வரிசைத் திரியாரியும் அந்தக் கோட்டிலேயே பிரிய வேண்டும்: முன்னவன் கையில் எறியீட்டி, பின்னவன் கையில் குத்தீட்டி. இலகுப்படையான வெலித்தெஸ் தலைக்கவசத்தின் மேல் ஓநாய்த் தோல் போர்த்ததுண்டு. யார் நன்றாகப் போரிடுகிறான் என்று அதிகாரிகள் அடையாளம் காண அது உதவியது. கார்த்தேஜ் பக்கம் நின்ற நுமிடியக் குதிரைவீரன் கடிவாளம் இல்லாமல் குதிரை ஓட்டியவன். அவன் கையிலிருந்து குதிரை வாய்க்கு ஒரு கோடு போகுமானால், வரைந்தவர் படிக்காமல் வரைந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ரோமானியன் என்றதும் சாதாரண ஆட்டக்காரரின் மனத்தில் வருவது வளைந்த செவ்வகக் கேடயமும் பட்டைபட்டையான இரும்புக் கவசமும்தானே, தெரிந்த உருவத்தைக் காட்டினால் என்ன? அந்த உருவம் கி.பி. 113இல் முடிந்த டிராஜன் தூணிலிருந்து நமக்குப் பழகியது. இரண்டாம் பியூனிக் போரின் கன்னேச் சண்டை நடந்ததோ கி.மு. 216இல்; நடுவே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. குடியரசுக் காலத்தவனின் கேடயம் நீள்வட்டமானது. வசதியுள்ளவன் வளையக் கவசம் போட்டான், இல்லாதவன் மார்பில் ஒரு சாண் அளவு உலோகத் தகடு கட்டிக்கொண்டான். காலப்பிழை என்பதோடு இது முடியவில்லை. எல்லாரையும் ஒரே பட்டைக் கவசத்தில் நிறுத்தினால் முன்வரிசை எது, கடைசி வரிசை எது என்று ஆடுகிறவருக்குப் புரியாது. போரின் நுட்பமே காணாமல் போகிறது. 2004இல் வந்த ரோம்: டோட்டல் வார் விளையாட்டு, கிரேக்க வழி டாலமி அரசர்கள் ஆண்ட எகிப்துக்குப் பழைய ஃபாரோ காலத்துக் கோலத்தைப் போட்டுக் காட்டியது. பார்த்ததும் எகிப்து என்று தெரிந்தது, உண்மைதான். அந்தக் காலத்து எகிப்து அங்கே இல்லை.

மிகக் கடினமான சோதனை கன்னேயிலேயே காத்திருக்கிறது. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் லிபியக் காலாட்படை, முந்தைய வெற்றிகளில் கைப்பற்றிய ரோமானிய ஆயுதங்களைத் தரித்து அங்கே நின்றது. சான்றை அப்படியே பின்பற்றினால் இரு பக்கத்து வீரர்களும் ஒன்றுபோல ஆகிவிடுவார்கள். திறமையான ஓவியர் கேடயத்தையும் வளையக் கவசத்தையும் வைத்துக்கொண்டு இறகுகளை மட்டும் எடுத்துவிடலாம். லிபியர் இறகு சூடினார்களா என்று பாலிபியஸ் சொல்லவில்லை. சான்று பேசாத இடத்தில் கற்பனை நுழைவதில் தவறில்லை. அது பேசுகிற இடத்தில் எதிர்த்து நுழைவதைத்தான் குறை சொல்ல வேண்டும். கேடய நிறமும் அப்படித்தான். குடியரசுக் காலக் கேடயங்களின் நிறத்துக்கு உறுதியான சான்று மிகக் குறைவு. சிவப்போ வெளுப்போ, பின்னணி நிலத்திலிருந்து பிரிந்து தெரிகிற நிறத்தை ஓவியர் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் இருக்கையில் இந்தச் சின்னப் படங்கள் எதற்கு என்றும் கேட்கலாம். முழுப் போர்க்களத்தையும் திரையில் கொண்டுவர ஆட்டக்காரர் பார்வையை உயர்த்தியதும், முப்பரிமாண வீரனும் சில பத்துப் புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறான். ரோம்: டோட்டல் வாரே தொலைவில் நிற்பவர்களைத் தட்டைப் படங்களாகத்தான் காட்டியது. அங்கேயும் ஆளை ஆள் என்று காட்டிக்கொடுப்பது வெளிக்கோடுதான்.

கார்த்தேஜின் போர்யானைக்கு மட்டும் அளவில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. யானையும் பாகனும் அதே 48 புள்ளிக்குள் நிற்க வேண்டுமென்றால், அதே அளவுத்திட்டத்தில் காலாள் இருபத்துச் சொச்சம் புள்ளிக்குச் சுருங்கிப் பயனற்றுப் போவான். எனவே யானையைச் சிறிதாக்கியே தீர வேண்டும். அதைப் பிழையாக எண்ணாதீர்கள். முதுகில் மரக்கோபுரம் இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். ஹன்னிபாலின் குடும்பம் ஸ்பெயினில் வெளியிட்ட நாணயத்து யானையின் மேல் பாகன் ஒருவன்தான் இருக்கிறான், கோபுரம் இல்லை. கன்னே சினாரியோவில் யானையே வந்தாலோ, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்: கி.மு. 218இன் குளிரைத் தாண்டி ஹன்னிபாலுக்கு மிஞ்சியது ஒரே யானை. கன்னேயில் ஒன்றுகூட இறங்கவில்லை.